இரண்டாவது அடி

பெரியம்மாவின் மாத்திரை டப்பாவைக் கட்டிலில் கொட்டிக் கணக்குப் பார்த்தேன். காலையில் ஒன்று, இரவில் ஒன்று போட வேண்டிய மாத்திரை. பத்து மாத்திரை உள்ள அட்டை ஐந்து நாளில் தீர்ந்திருக்க வேண்டும். மெடிக்கல் ஷாப் பில்களின்படி ஒவ்வொரு அட்டையும் ஒன்பது, பத்து நாள் வந்திருக்கிறது.

“ராத்திரி மாத்திரை போடறதில்லையா பெரியம்மா?”

“காலைலதான் ஒண்ணு போடறேனேப்பா. ரெண்டும் போட்டா ரத்தம் ரொம்பத் தண்ணியாப் போயிடாதா?”

மூன்று வாரத்துக்கு முன்புதான் அவருக்கு இரண்டாம் முறை பக்கவாதம் வந்திருந்தது. முதல் முறை வலது கை இழுத்துக்கொண்டது. இந்த முறை பேச்சு குழறியது. பேச்சு பெரும்பாலும் திரும்பிவிட்டது, கைதான் இன்னும் சரியாகவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுத்துக்கொண்டிருந்தபோதே வந்த பக்கவாதம் என்று எழுதி, வேறொரு மாத்திரைக்கு மாற்றியிருந்தார்கள். அட்டையை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அதுவரை நானும்தான்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற இதயத்துடிப்பு உள்ளவர்களுக்குப் பக்கவாதம் ஏன் மறுபடியும் வருகிறது என்பது மருத்துவ உலகம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்துவரும் கேள்வி. பதில்கள் நிறையக் கிடைத்திருக்கின்றன. ஆனால் முதல் பக்கவாதத்தைக் கணிப்பதற்குச் செய்த அளவுகோலையே இரண்டாவதற்கும் வைத்துப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது அவ்வளவாகப் பொருந்துவதில்லை.

இந்தக் கோளாறில் இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்கி விரிவதில்லை, நடுங்கிக்கொண்டே இருக்கின்றன. ரத்தம் தேங்குகிறது. இடது மேலறையின் ஓரத்தில் விரல் நுனி போலத் துருத்திக்கொண்டிருக்கும் சிறு பையில் தேக்கம் அதிகம். வால்வுக் கோளாறு இல்லாதவர்களுக்கு உண்டாகும் மேலறை ரத்தக்கட்டிகளில் ஏறத்தாழ 90 சதவீதம் இந்தப் பையில்தான் உருவாகின்றன. தொண்டை வழியாகக் குழாய் இறக்கி எக்கோ பார்த்தால் சிலருக்கு உள்ளே ரத்தம் புகை போல மெல்லச் சுழல்வது தெரியும். டாக்டர்களே அதை ‘ஸ்மோக்’ என்றுதான் சொல்கிறார்கள். அங்கே உறையும் துணுக்கு கிளம்பி மேலே போனால் மூளையின் பெரிய குழாய் ஒன்று அடைபடுகிறது. இந்த வகைப் பக்கவாதம் சாவிலோ பெரிய முடக்கத்திலோ முடிவது அதிகம் என்பதற்குக் காரணம் இதுதான்.

அமெரிக்காவில் ஃபிராமிங்ஹாம் என்ற ஊர்மக்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு, இந்தத் துடிப்புக் கோளாறு பக்கவாத ஆபத்தைச் சுமார் 5 மடங்காக்குகிறது என்று காட்டியது. கீல்வாதக் காய்ச்சலால் வால்வு பழுதானவர்களுக்கு அது 17 மடங்கு. முதல் பக்கவாதம் வந்தபின் என்ன ஆகிறது என்பதை நேரடியாக அளந்தது 1993-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு. சிறிய பக்கவாதமோ, சில நிமிடங்களில் சரியாகிவிடும் தற்காலிகப் பக்கவாதமோ வந்து போன 1,007 பேர் அதில் இருந்தார்கள். மருந்தில்லாத வெறும் மாத்திரை பெற்றவர்களில் ஆண்டுக்கு 12 சதவீதம் பேருக்கு மறுபடியும் பக்கவாதம் வந்தது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து பெற்றவர்களில் அது 4 சதவீதம். ஆஸ்பிரின் பெற்றவர்களில் 10. இந்தக் கடைசி எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சடித்து ஒவ்வொரு மருந்துக் கடையிலும் ஒட்டலாம் என்று எனக்குத் தோன்றும். இதயத் துடிப்பு தாறுமாறாக இருக்கிறது, ஆஸ்பிரின் போடுகிறேன், பயமில்லை என்று நிம்மதியாக இருப்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். பிறகு 2011-இல் வந்த அவெரோஸ் ஆய்வு, பழைய உறைவெதிர் மருந்தான வார்ஃபரின் ஒத்துக்கொள்ளாது என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குப் புதிய உறைவெதிர் மாத்திரையான அபிக்சபானையும் ஆஸ்பிரினையும் கொடுத்துப் பார்த்தது. ஆண்டுக்கு 1.6 சதவீதத்துக்கு எதிராக 3.7 சதவீதம். பெரிய ரத்தக்கசிவில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. வயதானவர், ஆஸ்பிரினே பாதுகாப்பு என்ற வாதம் அங்கேயே விழுந்துவிட்டது. ஆனால் பழக்கம் இன்னும் விழவில்லை.

மதிப்பெண் பட்டியல்களுக்கு வருவோம். 2001-இல் பிரையன் கேஜ் குழுவினர் வெளியிட்ட ‘சாட்ஸ்-2’ பட்டியல் எளிமையானது. இதயச் செயலிழப்பு, ரத்த அழுத்தம், 75 வயது, சர்க்கரை நோய் ஆகியவற்றுக்குத் தலா ஒரு புள்ளி. முன்பே பக்கவாதம் வந்திருந்தால் இரண்டு. பூஜ்யத்தில் இருப்பவர்களுக்கு நூறு பேருக்கு ஆண்டுக்கு 1.9 பக்கவாதம், ஆறில் இருப்பவர்களுக்கு 18.2. 2010-இல் அது ‘சாட்ஸ்-வாஸ்க்’ ஆக விரிந்தது. ரத்தக்குழாய் நோய், 65 வயது, பெண் என்ற மூன்றும் சேர்ந்தன. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2024 வழிகாட்டுதல் பெண் என்பதை மறுபடியும் எடுத்துவிட்டது. இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், இவை அனைத்தும் ஒரே கேள்விக்குத்தான் பிறந்தவை: இவருக்கு மருந்து தொடங்கலாமா, வேண்டாமா? ஒரு முறை பக்கவாதம் வந்தவருக்கு அந்தக் கேள்வியே இல்லை. அவர் எடுத்த எடுப்பிலேயே இரண்டு புள்ளியுடன் உள்ளே வருகிறார், மருந்து கட்டாயம். இருவருக்குமே முதல் பக்கவாதம் வந்திருக்கிறது, ஒருவருக்கு நான்கு புள்ளி, இன்னொருவருக்கு ஆறு. இவர்களில் யாருக்கு மறுபடி வரும் என்று பட்டியல் பெரிதாகச் சொல்லிவிடாது.

அதற்காக அந்தக் காரணிகள் பொய் என்றாகாது. வயது ஏற ஏற ஆபத்து ஏறுகிறது. சிறுநீரகம் பழுதானால் கட்டியும் அதிகம், கசிவும் அதிகம். இதயம் பலவீனமானால் தேக்கம் கூடுகிறது. இவற்றில் நம் கைக்கு எட்டுவது ரத்த அழுத்தம். ரத்தம் உறையாத மருந்து சாப்பிடுபவருக்கு அழுத்தம் கட்டுக்குள் இல்லாவிட்டால் அடைப்பாலும் ஆபத்து, வெடிப்பாலும் ஆபத்து.

ஆபத்து மிகவும் குவிந்திருப்பது முதல் சில வாரங்களில். ஆனால் அப்போதுதான் டாக்டரின் கையும் கட்டப்பட்டிருக்கும். செத்துப்போன மூளைத் திசுவுக்குள் ரத்தம் கசிந்துவிடுமோ என்ற பயம். நார்வேயில் நடந்து 2000-இல் வெளியான ஆய்வில், துடிப்புக் கோளாறுடன் பக்கவாதம் வந்தவர்களில் முதல் 14 நாளிலேயே 8 சதவீதத்தை ஒட்டியோருக்கு மீண்டும் அடைப்பு வந்தது. ஹெப்பரின் வகை ஊசிக்கும் ஆஸ்பிரினுக்கும் அதில் பெரிய வித்தியாசம் இல்லை. அதன்பின் ‘1-3-6-12’ என்ற வாய்ப்பாடு புழக்கத்துக்கு வந்தது. தற்காலிகப் பக்கவாதமென்றால் மறுநாள் மருந்து, சிறியதென்றால் மூன்றாம் நாள், நடுத்தரமென்றால் ஆறாம் நாள், பெரியதென்றால் பன்னிரண்டாம் நாள். மனப்பாடம் செய்ய வசதி. பின்னால் வலுவான சோதனை எதுவும் இல்லை. 2023-இல் எலான் ஆய்வு 2,013 பேரிடம் இதைச் சோதித்தது. சீக்கிரம் தொடங்கியவர்களில் 30 நாளில் மறு அடைப்பு 1.4 சதவீதம், தள்ளிப்போட்டவர்களில் 2.5. மூளைக்குள் கசிவு இரு பக்கமும் 0.2 சதவீதம்தான். மறுவருடம் பிரிட்டனில் ஆப்டிமாஸ் ஆய்வு 3,600-க்கும் மேற்பட்டவர்களிடம் நான்கு நாளுக்குள் தொடங்குவதையும் ஒரு வாரத்துக்குப் பின் தொடங்குவதையும் ஒப்பிட்டது, இரண்டும் 3.3 சதவீதத்தில் சமமாக நின்றன. சீக்கிரம் தொடங்குவதால் அற்புதம் நிகழாது, விபரீதமும் நிகழாது என்று இதற்குப் பொருள். காத்திருப்பதற்கு இருந்த காரணம்தான் பலவீனமாகிவிட்டது. வீட்டுக்குப் போய்விட்டு இரண்டு வாரம் கழித்து வாருங்கள், மருந்து தொடங்கலாம் என்று சொன்னால் திரும்பி வராதவர்கள் எத்தனை பேர் என்பதை எந்தச் சோதனையும் கணக்கில் எடுப்பதில்லை.

இனி மையக் கேள்வி. மருந்து எழுதிக் கொடுத்தும் மறுபடி வருகிறதே, ஏன்? 2022-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு, மருந்தில் இருக்கும்போதே பக்கவாதம் வந்த 2,900-க்கும் மேற்பட்டவர்களை ஒவ்வொருவராக அலசியது. ஏறத்தாழ 32 சதவீதத்தினருக்கு மருந்து போதவில்லை: வேளை தவறியது, அளவு குறைந்தது, ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் கீழே இருந்தது. 24 சதவீதத்தினருக்குப் பக்கவாதத்தின் காரணமே வேறு. மீதி 44 சதவீதத்தினர் மருந்தை ஒழுங்காக எடுத்தும் இதயத்திலிருந்தே கட்டி வந்தவர்கள். இந்த மூன்று கதவில் எது திறந்திருந்தது என்று பார்க்காமல் மாத்திரையின் பெயரை மட்டும் மாற்றுவதுதான் பெரியம்மாவுக்கு நடந்தது.

முதல் கதவை எடுத்துக்கொள்வோம். இதில்தான் விஷயம் அதிகம். 2002-இல் வந்த அஃபர்ம் ஆய்வு 4,060 பேரிடம் வேறொரு கேள்வியைக் கேட்டது: துடிப்பைச் சீராக்குவது மேலா, வேகத்தை மட்டும் கட்டுப்படுத்துவது மேலா? பதில் சமன். ஆனால் ஓரமாக ஒரு செய்தி கிடைத்தது. இரு அணியிலும் பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர் வார்ஃபரினை நிறுத்தியிருந்தார்கள், அல்லது ஐஎன்ஆர் போதாத நிலையில் இருந்தார்கள். துடிப்பு சரியாகிவிட்டது, இனி மருந்து எதற்கு என்று நிறுத்தியதன் விலை அது. முன்பு பக்கவாதம் வந்தவருக்குத் துடிப்பு சீரானாலும், அதற்காக அப்லேஷன் என்ற சிகிச்சை செய்தாலும், உறைவெதிர் மருந்தைத் தொடரச் சொல்வது இதனால்தான்.

வார்ஃபரின், நம் ஊரில் அதைவிடப் பழக்கமான அசிட்ரோம் ஆகியவற்றின் சிக்கல் தெரிந்ததே. ஐஎன்ஆர் 2-க்கும் 3-க்கும் நடுவே நிற்க வேண்டும். அதற்கு மாதாமாதம் ரத்தப் பரிசோதனை, கீரையை ஒரே அளவில் சாப்பிடுவது, இருமல் சளிக்கு வாங்கும் ஆன்டிபயாடிக்கைக்கூட டாக்டரிடம் சொல்வது என்று எத்தனையோ. ராக்கெட் என்ற மருந்துச் சோதனையில் இந்திய நோயாளிகளின் ஐஎன்ஆர் சரியான எல்லைக்குள் இருந்தது மொத்தக் காலத்தில் சுமார் 36 சதவீதம் மட்டுமே. மேற்கு ஐரோப்பாவில் 63. மருந்துச் சோதனையின் கண்காணிப்புக்குள்ளேயே இந்தக் கதி. கீரையை அறவே விடச் சொல்லும் உறவினர்களும் இதற்கு ஒரு காரணம் என்று சந்தேகிக்கிறேன். விட்டவர் பொங்கலுக்கு வீட்டுக்கு வந்ததும் முருங்கைக்கீரைப் பொரியலை ஒரு பிடி பிடித்தால் ஐஎன்ஆர் தடுமாறுகிறது. கீரை சாப்பிடலாம், வாரத்துக்கு வாரம் அளவு மாறாமல் சாப்பிட வேண்டும், அவ்வளவே.

புதிய மாத்திரைகள் பரிசோதனைத் தொல்லையைத் தீர்த்தன. டபிகட்ரான், ரிவராக்சபான், அபிக்சபான், எடாக்சபான் நான்கையும் வார்ஃபரினோடு ஒப்பிட்ட பெருஞ்சோதனைகளை 2014-இல் ஒன்றுசேர்த்தபோது 71,683 பேரின் கணக்கு வந்தது. பக்கவாதம் 19 சதவீதம் குறைவு, மண்டைக்குள் கசிவு பாதி. ஆனால் இவை உடம்பில் தங்கும் நேரம் சொற்பம். அபிக்சபானின் அளவு சுமார் 12 மணி நேரத்தில் பாதியாகிவிடும். அசிட்ரோம் ஒரு வேளை விட்டாலும் முந்தைய நாளின் நிழல் கொஞ்சம் நிற்கும், இதில் அப்படியில்லை. தினமும் இரவு மாத்திரையை விட்டவர் தினமும் இரவு பாதுகாப்பில்லாமல் தூங்குகிறார்.

நுணுக்கங்கள் வேறு. ரிவராக்சபான் 15, 20 மி.கி. மாத்திரையைச் சாப்பாட்டோடு போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் மூன்றில் இரண்டு பங்கே உள்ளே போகும். வெள்ளி, சனி விரதம் இருக்கும் வீடுகளில் இதை யாராவது கேட்கிறார்களா? டபிகட்ரான் கேப்ஸ்யூலைப் பிரித்துத் தூளாகக் கொடுக்கக் கூடாது. அதன் டப்பாவைவிட்டு வாரப் பெட்டியில் மாற்றி வைக்கவும் கூடாது. பக்கவாதத்தால் விழுங்கச் சிரமப்படுபவருக்கு அன்போடு பிரித்துக் கொடுக்கும் மகள் அறியாமலே அளவை ஏற்றிவிடுகிறார். அபிக்சபான் அளவைப் பாதியாக்க ஒரு விதி உண்டு: வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோவுக்குள், கிரியேட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல் என்ற மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். நம் ஊர்ப் பாட்டிமார் பலர் 60 கிலோவைத் தொடுவதே இல்லை. எடை குறைவு என்ற ஒன்றை மட்டும் பார்த்து, ஒல்லியான உடம்பு தாங்காது என்று 2.5 மி.கி. எழுதினால், கசிவு பயத்தில் அடைப்புக்கு வழிவிட்டதாகிறது.

பிற மருந்துகளோடு மோதல் என்பது மேலைநாட்டுப் பாடப்புத்தகங்களில் சிறு அட்டவணை. இங்கே அப்படித் தள்ளிவிட முடியாது. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் அபிக்சபானின் அளவை ஏறத்தாழப் பாதியாக்கிவிடும். பக்கவாதத்துக்குப் பின் வலிப்பு வந்து ஃபெனிட்டாயின், கார்பமாசெபைன் தொடங்கினால் அவையும் புதிய மாத்திரைகளை ஈரலில் வேகமாகக் கரைத்துவிடும். வலிப்புக்கு வேறு மருந்துகள் உண்டு, ஆனால் வலிப்பை ஒருவரும் இதயத்தை இன்னொருவரும் பார்க்கும்போது இரண்டு சீட்டையும் ஒன்றாக வைத்துப் படிப்பவர் இருக்க வேண்டுமே. பல் பிடுங்குவதற்காக ஒரு வாரம் நிறுத்தச் சொல்வதும் இந்தக் கணக்கில் சேரும். எளிய பல் பிடுங்கலுக்குப் பெரும்பாலும் நிறுத்தவே வேண்டியதில்லை, அல்லது ஒரு வேளையைத் தள்ளிப்போட்டால் போதும்.

இரண்டாவது கதவு, இதயத்தைத் தவிர்த்த காரணங்கள். துடிப்புக் கோளாறு என்ற ஒரு பெயர் சீட்டில் ஏறிவிட்டால் அதன்பின் வருவதெல்லாம் அதன் தலையில்தான் விழும். ஆனால் அதே நோயாளிக்கு முப்பது வருடச் சர்க்கரை நோய் இருக்கலாம். கழுத்துக் குழாயில் பாதிக்கு மேல் கொழுப்புப் படிந்திருக்கலாம். ஆசியர்களுக்கு மண்டைக்குள்ளேயே குழாய்ச் சுருக்கம் வருவது அதிகம் என்பதும் தெரிந்ததே. ரத்த அழுத்தத்தால் நுண்குழாய்கள் தடித்து வரும் சிறு அடைப்புக்கு உறைவெதிர் மாத்திரை மருந்தல்ல. மறைந்திருக்கும் புற்றுநோய் ரத்தத்தையே உறையும் இயல்புக்கு மாற்றிவிடும். இரண்டாம் முறை வந்தவருக்குக் கழுத்து டாப்ளரும் மூளைக் குழாய்ப் படமும் மறுபடி எடுக்கச் சொல்வது வீண் செலவல்ல.

மூன்றாவது கதவு மேலறையே. விட்டுவிட்டு வரும் துடிப்புக் கோளாற்றைவிட நிலைத்துவிட்டதற்கு ஆபத்து அதிகம். மேலறை எவ்வளவு விரிந்திருக்கிறதோ அவ்வளவு மோசம். பையின் வடிவத்தைக்கூட ஆராய்ந்திருக்கிறார்கள். 932 பேரிடம் பார்த்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், கோழி இறக்கை போல மடிந்த பை உள்ளவர்களுக்கு ஆபத்து குறைவு. காலிஃபிளவர், கள்ளி என்று பெயரிட்ட வடிவங்களுக்கு அதிகம். பெயர் வைத்தவர் பசியோடு இருந்திருக்கலாம். 2021-இல் லாவோஸ்-3 ஆய்வு, வேறு காரணத்துக்காக இதய அறுவை செய்யும்போதே இந்தப் பையை மூடிவிட்டால் ஏறத்தாழ நான்காண்டுகளில் பக்கவாதம் 7 சதவீதத்திலிருந்து 4.8-ஆகக் குறைவதைக் காட்டியது. பெரும்பாலோர் மருந்தையும் தொடர்ந்தார்கள் என்பதுதான் இதில் முக்கியம். மருந்துக்குப் பதிலாக அல்ல, மருந்தோடு கூட.

இந்திய நோயாளிகளைத் தனியாகப் பார்க்க வேண்டியது இங்கேதான். 46 நாடுகளின் பதிவேட்டை 2014-இல் வெளியிட்டபோது, துடிப்புக் கோளாறு உள்ளவர்களில் கீல்வாதக் காய்ச்சல் வால்வு நோய் வட அமெரிக்காவில் 2.2 சதவீதம், இந்தியாவில் 31.5. இந்தப் பெண்கள் (ஆம், பெரும்பாலும் பெண்கள்) எந்த மதிப்பெண் பட்டியலிலும் அடங்கமாட்டார்கள். ஐம்பது வயதுகூட ஆகாமல், சர்க்கரையும் அழுத்தமும் இல்லாமல், வால்வு சுருங்கியதாலேயே உச்ச ஆபத்தில் இருப்பவர்கள். மாதாமாதம் ஊசி குத்தாத புதிய மாத்திரை இவர்களுக்கு வரம் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். டெல்லி எய்ம்ஸின் கணேசன் கார்த்திகேயன் முன்னின்று நடத்தியவர்களில் ஒருவராக இருந்த இன்விக்டஸ் ஆய்வு 24 நாடுகளில் 4,500-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்தது; சராசரி வயது 50.5. 2022-இல் முடிவு வந்தபோது வென்றது பழைய வார்ஃபரின் வகைதான். ரிவராக்சபான் பெற்றவர்களில் சாவு அதிகம். எதிர்பார்ப்புக்கு நேர்மாறாக வந்த முடிவு. வால்வு மிகவும் சுருங்கியவர் அசிட்ரோமிலிருந்து வசதிக்காக மாறுவதற்கு முன் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இந்த மூன்று கதவுக்கும் முன்னால் ஒரு வாசல்படி இருக்கிறது: துடிப்புக் கோளாறு கண்டுபிடிக்கப்படாமலே போவது. வந்து வந்து மறையும் கோளாறு ஒரு இசிஜியில் சிக்காது. காரணம் தெரியாத பக்கவாதம் வந்தவர்களின் தோலுக்கடியில் சிறு கருவி பொருத்திக் கண்காணித்த கிரிஸ்டல் ஆய்வில் (2014) ஓராண்டில் 12.4 சதவீதத்தினருக்குக் கோளாறு பிடிபட்டது. வழக்கமான முறையில் 2 சதவீதம். பிடிபடாதவர் ஆஸ்பிரினோடு வீட்டுக்குப் போகிறார். அவருக்கு வரும் இரண்டாவது பக்கவாதம்தான் பல நேரம் முதல் முறையாக உண்மைக் காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

மருந்தில் இருந்தும் வந்தவரை என்ன செய்வது என்பதற்குத்தான் பதில் இன்னும் முழுசாக இல்லை. ஏழு ஆய்வுக் குழுக்களின் 5,413 பேரைச் சேர்த்து 2020-இல் வெளிவந்த ஆய்வின்படி, மருந்தில் இருந்தபோதே முதல் பக்கவாதம் வந்தவர்களுக்கு மறுபடி வரும் ஆபத்து மற்றவர்களைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். மாத்திரையை மாற்றியவர்களுக்கு அதனால் பலன் தெரியவில்லை. கூடவே ஆஸ்பிரின் சேர்ப்பதும் உதவவில்லை, கசிவைத்தான் கூட்டுகிறது. 2024 ஐரோப்பிய வழிகாட்டுதல் இந்த இரண்டையும் தக்க காரணமின்றிச் செய்ய வேண்டாம் என்கிறது. உறைதல் காரணி 11-ஐத் தடுக்கும் புது வகை மருந்து மேல் பெரிய நம்பிக்கை இருந்தது. அந்த வகையைச் சேர்ந்த அசுண்டெக்சியானை அபிக்சபானோடு மோதவிட்ட ஓசியானிக் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று: கசிவு குறைந்தது, ஆனால் பக்கவாதம் 0.4 சதவீதத்துக்கு எதிராக 1.3.

எம்ஆர்ஐயில் நுண்கசிவுப் புள்ளிகள் தெரிந்தால் மருந்தையே நிறுத்திவிடும் வழக்கமும் உண்டு. பல நாடுகளின் தகவலைச் சேர்த்த 2019 ஆய்வில், புள்ளிகள் பல இருந்தவர்களுக்கும் கசிவைவிட அடைப்பு ஆபத்தே அதிகமாக இருந்தது.

பெரியம்மாவிடம் இந்த எண்களையெல்லாம் சொல்லவில்லை. ரத்தம் தண்ணியாகாது, உறையாமல் மட்டும் இருக்கும் என்பதை மூன்று முறை மூன்று விதமாகச் சொன்னேன். நம்பினாரா தெரியவில்லை. இப்போது இரவு மாத்திரை எட்டரை மணி சீரியலின் முதல் விளம்பர இடைவேளைக்குப் போய்விட்டது. சனிக்கிழமை போனில் கூப்பிட்டு அட்டையில் எத்தனை மிச்சம் என்று கேட்கிறேன். போன வாரம் ஒன்று கூடுதலாக இருந்தது. “ஞாயித்துக்கிழமை சீரியல் கிடையாதேப்பா” என்றார்.